எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு: வைத்திருப்பவருக்கு ஒரு மதிப்புரை

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை மும்பை பங்குச் சந்தையில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் ஒரு பங்கு 3 ரூபாய் 53 காசு என்று விலை காட்டிக்கொண்டிருந்தது. அதே பங்குக்கு அந்த நிறுவனம் வழங்கிய ஈவுத்தொகை 25 ரூபாய். அக்டோபர் 29 அன்று நடந்த சிறப்பு ஏலத்துக்குப் பின் அந்தப் பங்கு 2,36,250 ரூபாயில் முடிந்தபோது, இந்தியாவின் மிக விலை உயர்ந்த பங்கு என்ற பெயரைச் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனத்திடமிருந்து பறித்துக்கொண்டது. செய்தித்தாள்கள் அந்த ஒரு நாளைப் பற்றி நிறைய எழுதின. ஆனால், இப்பங்கைக் கையில் வைத்திருக்கும் சிறு பங்குதாரர் அடுத்து என்ன செய்யலாம் என்பதைப் பற்றித் தமிழில் அதிகம் படிக்கக் கிடைக்கவில்லை. கோவையில் எங்கள் முதலீட்டாளர் வட்டத்தில் பல வாரங்கள் நடந்த விவாதத்துக்குப் பிறகு, பயன்படுத்திப் பார்த்த ஒரு பொருளை மதிப்பிடுவதுபோல் இந்தப் பங்கை மதிப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில், பங்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்சிட்டுக்குத் தொழிற்சாலை இல்லை, கடை இல்லை, விற்கும் சரக்கு எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற, வங்கி அல்லாத முதலீட்டு நிறுவனம் அது. 1942இல் நான்கு நண்பர்கள் மும்பையில் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் புரமோட்டர்களில், அதாவது அதைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பங்குதாரர்களில், ஒன்றான ‘வக்கீல்’ என்ற குடும்பப் பெயர் கொண்ட குடும்பத்தின் வசம் எல்சிட் இருக்கிறது. ஏஷியன் பெயின்ட்ஸின் 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகளை, அதாவது சற்றேறக்குறைய 3 சதவிகிதத்தை, எல்சிட் வைத்திருக்கிறது. எல்சிட்டின் சொந்தப் பங்குகளோ மொத்தமே 2 லட்சம்தான். 10 ரூபாய் முகமதிப்பில் 20 லட்சம் ரூபாய் மூலதனம். அந்த 2 லட்சத்தில் 75 சதவிகிதம் புரமோட்டர்களிடம் இருக்கிறது, வெளியாரிடம் இருப்பவை 50,000 பங்குகள். வகுத்துப் பார்த்தால், ஓர் எல்சிட் பங்குக்குப் பின்னால் 140 ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள் நிற்கின்றன. துணை நிறுவனங்களின் கையிருப்பையும் சேர்த்து, ஏலத்தின்போது பேசப்பட்ட புத்தக மதிப்பு, அதாவது சொத்தில் கடனைக் கழித்த மதிப்பு, பங்கு ஒன்றுக்கு 5,85,225 ரூபாய்.

இவ்வளவு சொத்து வைத்திருந்த பங்கு ஏன் 3 ரூபாயில் கிடந்தது என்று கேட்காதவர் இல்லை. சந்தை இந்தப் பங்குக்கு வைத்திருந்த விலை வரம்பு ஒரு நாளில் 5 சதவிகிதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாது. 3 ரூபாய் 53 காசில் 5 சதவிகிதம் என்பது 17 காசு. லட்சக்கணக்கில் மதிப்புள்ள ஒன்றை 3 ரூபாய் 70 காசுக்கு விற்க யார் முன்வருவார்? விற்பவர் இல்லாததால் வணிகம் இல்லை, வணிகம் இல்லாததால் விலை நகரவில்லை. நாள் தவறாமல் 5 சதவிகிதம் ஏறியிருந்தாலும்கூட ஏல விலையை எட்டுவதற்குச் சுமார் 227 வணிக நாள்கள் ஆகியிருக்கும். சந்தை காட்டிய விலையில் கணக்கிட்டால், நிறுவனம் முழுவதன் மதிப்பும் ஏழு லட்சம் ரூபாய்தான், ஒரு சிறிய காரின் விலை. ஆகவே, "3 ரூபாய்ப் பங்கு ஒரே நாளில் இரண்டே கால் லட்சம் ஆனது" என்ற செய்தியைப் படித்துவிட்டு, அதுபோன்ற இன்னொரு 3 ரூபாய்ப் பங்கைத் தேடி அலைபவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 3 ரூபாய்க்கு அப்பங்கை வாங்கும் வாய்ப்பு நடைமுறையில் எவருக்கும் இருக்கவில்லை.

இந்த முடக்கத்தை உடைத்தது, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 ஜூன் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. சொத்தில் பாதிக்கு மேல் பிற நிறுவனப் பங்குகளில் வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனங்களுக்கு, அவற்றின் ஆறு மாதச் சராசரி விலை புத்தக மதிப்பில் பாதிக்கும் கீழே இருந்தால், விலை வரம்பே இல்லாத சிறப்பு ஏலம் ஆண்டுக்கு ஒரு முறை நடத்தப்பட வேண்டும் என்று அது கூறியது. குறைந்தது ஐந்து வெவ்வேறு வாங்குவோரும் ஐந்து வெவ்வேறு விற்போரும் வந்தால் மட்டுமே கண்டறியப்பட்ட விலை செல்லும். எல்சிட்டுக்கு அந்த ஏலத்தில் 2,25,000 ரூபாய் கிடைத்தது, பிறகு வழக்கமான வணிகத்தில் அன்றைக்கே 5 சதவிகித உச்ச வரம்பைத் தொட்டது. சிறு பங்குதாரருக்குக் கிடைத்த ஒரு சேவை என்ற அளவில் இந்த ஏலத்துக்கு என் முழு மதிப்பெண்ணையும் தயங்காமல் கொடுப்பேன். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சொத்துக்கு நேர்மையான, எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு விலையை அது ஒரே காலைப் பொழுதில் உண்டாக்கித் தந்தது.

விவாதம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரிடம், அவருடைய தந்தையார் வாங்கி வைத்த இரண்டு எல்சிட் பங்குகள் இருக்கின்றன. "ஆறு லட்சம் பெறும் பொருளை இரண்டே கால் லட்சத்துக்கு ஏன் சார் விற்க வேண்டும்? பொறுத்தால் முழு மதிப்பும் வரும்" என்பது அவர் கட்சி. கணக்குத் தணிக்கை படித்துக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் அதை ஏற்கவில்லை. "ஐயா, அந்த ஆறு லட்சத்தை உங்கள் கையில் யார் கொண்டுவந்து தருவார்கள், எப்போது தருவார்கள் என்று சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடித்தான் நாங்கள் ஆண்டறிக்கைகளையும் செபியின் விதிகளையும் புரட்டினோம்.

என் மதிப்பீட்டில் இந்தப் பங்கின் பெரிய குறை ஈவுத்தொகை. 2023-24 நிதியாண்டுக்கு ஏஷியன் பெயின்ட்ஸ் பங்கு ஒன்றுக்கு 33 ரூபாய் 30 காசு அறிவித்தது. எல்சிட் நேரடியாக வைத்திருக்கும் பங்குகளுக்கு மட்டும் அந்தக் கணக்கில் 90 கோடி ரூபாய்க்கு மேல் சேர்கிறது, அதாவது ஓர் எல்சிட் பங்குக்குப் பின்னால் சுமார் 4,700 ரூபாய். அதில் பங்குதாரர் கைக்கு வந்தது 25 ரூபாய், மொத்தமாக 50 லட்சம். ஏல நாளன்று எல்சிட்டின் ஒரு பங்குக்குக் கொடுத்த பணத்தில் ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளையே வாங்கியிருந்தால், அன்றைய விலையில் ஏறக்குறைய 80 பங்குகள் கிடைத்திருக்கும், 80 பங்குகளுக்கு ஆண்டு ஈவுத்தொகையாக 2,664 ரூபாய் வந்திருக்கும். இதில் வரி சார்ந்த ஒரு நுட்பமும் உண்டு. அந்த நிதியாண்டுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80எம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் தான் பெற்ற ஈவுத்தொகையில் எவ்வளவைத் தன் பங்குதாரர்களுக்கு உரிய கெடுவுக்குள் பிரித்துக் கொடுக்கிறதோ அவ்வளவுக்கு வரிக் கழிவு பெறலாம். கொடுக்காமல் வைத்துக்கொள்வதற்குத்தான் நிறுவன வரி விழும். பிரித்துக் கொடுத்தால் சிறு பங்குதாரரும் மகிழ்வார், நிறுவனத்தின் வரிச் சுமையும் குறையும் என்ற நிலையில் 25 ரூபாயோடு நிறுத்திக்கொள்வதற்கு எனக்கு ஏற்புடைய காரணம் தெரியவில்லை. பஜாஜ் குழுமத்தின் மகாராஷ்டிரா ஸ்கூட்டர்ஸ், ஒரு காலத்தில் சத்தாராவில் பிரியா ஸ்கூட்டர் தயாரித்துவிட்டு இன்று முதன்மையாகக் குழுமப் பங்குகளை வைத்திருக்கும் நிறுவனம், ஈவுத்தொகையில் எவ்வளவோ தாராளமாக நடந்துகொள்கிறது. வைத்திருப்பது எல்சிட்டைப் போன்றதுதான், பங்குதாரருக்குக் கிடைக்கும் பயன்தான் வேறு.

புத்தக மதிப்பையும் கல்லில் பொறித்த எண்ணாகக் கொள்ளக் கூடாது. அது ஏஷியன் பெயின்ட்ஸ் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2024 பிப்ரவரியில் கிராசிம் நிறுவனம் பிர்லா ஓபஸ் என்ற பெயரில் பெயின்ட் சந்தையில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் காலாண்டில் ஏஷியன் பெயின்ட்ஸின் நிகர லாபம் சுமார் 42 சதவிகிதம் சரிந்தது, பங்கின் விலையும் கூடவே விழுந்தது. எல்சிட்டும் ஏலத்துக்குப் பின் சில நாள்களில் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டு, பிறகு இறங்கி ஏல விலைக்கும் கீழே போனது. புத்தக மதிப்பில் 40 சதவிகிதத்துக்கு விற்கிறது என்பதால் மட்டும் ஒரு பங்கு இனி இறங்காது என்று நம்பியவர்களுக்கு அந்த வாரங்கள் கடினமாக இருந்திருக்கும்.

அடுத்து, வெளியேறும் வழிகள். ஏலத்துக்கு முன்பே ஒரு முறை புரமோட்டர்கள் பங்கு ஒன்றுக்கு 1,61,023 ரூபாய் தந்து நிறுவனத்தைப் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்ள முன்வந்தார்கள். விலை போதாது என்று பங்குதாரர்கள் கருதியதால் அம்முயற்சி கைகூடவில்லை. அன்று மறுத்தது சரியா தவறா என்று எங்கள் வட்டத்தில் இன்னமும் வாதம் நடக்கிறது. அந்தத் தொகையை அன்றே வாங்கி ஒரு நல்ல பங்கில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிடும்போது, மறுத்தவர்களுக்காக எனக்கு உண்மையில் வருத்தம் உண்டாகிறது. 75 சதவிகித வாக்கு ஒரே கையில் இருக்கும்போது, முக்கால் பங்கு வாக்கு தேவைப்படும் சிறப்புத் தீர்மானத்தையும் அவர்களே தனியாக நிறைவேற்றிக்கொள்ளலாம் என்பதால், பொதுக்கூட்டத்தில் எதிர்த்து வாக்களித்து எதையும் மாற்றிவிட முடியாது. ஆயினும் டீலிஸ்டிங், அதாவது பட்டியலிலிருந்து விலகுவது, என்று வந்தால் நிலை வேறு. வெளிப் பங்குதாரர்களின் ஆதரவு வாக்கு எதிர்ப்பு வாக்கைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும் என்ற விதி சிறு பங்குதாரருக்கு உண்மையான பலம் தருகிறது.

இளைஞரின் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும் விதி ஒன்று 2024 செப்டம்பரில் வந்தது. டீலிஸ்டிங் விதிமுறைகளில் செபி செய்த திருத்தத்தின்படி, தன் மதிப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பிற பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்குகளில் நேரடியாக வைத்திருக்கும் ஹோல்டிங் நிறுவனம், அந்தப் பங்குகளை வெளிப் பங்குதாரர்களுக்கு அவரவர் விகிதப்படி மாற்றிக் கொடுத்துவிட்டுப் பட்டியலிலிருந்து விலகலாம். அதாவது, புரமோட்டர்கள் விரும்பினால், எல்சிட் பங்கைக் கொடுத்து ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைப் பெற்றுக்கொள்ளும் வழிக்குச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. அவர்கள் அப்படி எதையும் அறிவித்ததாக நான் சொல்லவில்லை. வங்கி அலுவலரின் பொறுமைக்குப் பிடிமானம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான், வெறும் புத்தக மதிப்பு அன்று.

வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவர் அதில் பாதியை விற்று மீதியை வைத்துக்கொள்ள முடியாது. முகமதிப்பை 10 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகப் பிரித்தால் இந்த நெருக்கடி தீரும், நிறுவனம் அதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். காகிதப் பங்காக வைத்திருப்போர் டீமேட் என்னும் மின்னணுக் கணக்குக்கு மாற்றினால்தான் விற்க முடியும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகையைப் பெறாமல் விட்டால், சட்டப்படி பங்கே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். சில பத்து ரூபாய்தானே என்று அலட்சியம் செய்த காசோலைக்காக, லட்சக்கணக்கில் மதிப்புள்ள பங்கை மீட்க விண்ணப்பமும் கையுமாக அலைய நேரும். பழைய முகவரியில் இருக்கும் தந்தை, பாட்டனார் பெயர்ப் பங்குகளை இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

வரியிலும் ஒரு சிக்கனம் உண்டு. நீண்டகால மூலதன ஆதாயத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவிகிதம். பழைய பங்கின் அடக்கவிலை மிகச் சொற்பம் என்பதால் விற்ற தொகை ஏறத்தாழ முழுவதுமே ஆதாயமாகிவிடும். கையில் இரண்டு பங்குகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கு விற்பதாகவும், வேறு ஆதாயம் இல்லை என்றும் வைத்துக்கொண்டால், இரண்டையும் ஒரே நிதியாண்டில் விற்பவருக்கு வரி 34,375 ரூபாய். மார்ச் 31க்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக விற்பவருக்கு இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 18,750 ரூபாய், கூடுதல் தீர்வை தனி.

புதிதாக வாங்க நினைப்பவருக்கு இந்தப் பங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏஷியன் பெயின்ட்ஸ் மீது நம்பிக்கை இருந்தால் அதையே நேரடியாக வாங்கலாம்; ஈவுத்தொகையும் வரும், வேண்டிய அன்று வேண்டிய அளவு விற்கவும் முடியும். ஏற்கெனவே வைத்திருப்பவர், குடும்பத்துக்கு அந்தப் பணம் தேவைப்படுமானால், புத்தக மதிப்புக்காகக் காத்திராமல் சந்தை விலையில் விற்றுவிடுவதே நல்லது. தேவையில்லாதவர், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் பொறுக்க முடியுமென்றால், செப்டம்பர் திருத்தத்தை நம்பி ஒரு பகுதியை வைத்திருக்கலாம்.

எங்கள் வங்கி அலுவலர் இரண்டில் ஒன்றை விற்றுவிட்டார். வந்த பணத்தில் பெரும்பகுதி பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிற்று. மற்றொன்றை வைத்துக்கொண்டு, 80எம் பிரிவைச் சுட்டிக்காட்டி ஈவுத்தொகையை உயர்த்துமாறும் பங்கைப் பிரிக்குமாறும் கேட்டு, நிறுவனச் செயலாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். அதன் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுப்பவர் அந்த இளைஞர்தான்.