கன்னிமராவில் ஒரு காபி

வேலூரில் லாட்ஜ் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்ச் சந்துகளில் இருக்கும் ரூம்தான். வெளியூர்க்காரர்கள் உள்ளேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு, டெஸ்ட் ரிப்போர்ட் வரும்வரை நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தர் போய்த் தங்குவார் என்று சொன்னால் எங்கள் அம்மா நம்பவே மாட்டார்.

சரி, காட்டிவிடலாம் என்று போன மாசம் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பின்னி ரோட்டில் இருக்கும் தாஜ் கன்னிமரா ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். பேரைக் கேட்டதும் "ஏழு கன்னிமார் சாமி பேராடா?" என்றார். இல்லைம்மா, 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் பேர், எழும்பூர் லைப்ரரிக்கும் அவர் பேர்தான். ஆனால் தொடங்கியது வெள்ளைக்காரன் இல்லை, 1854இல் திருவல்லிக்கேணி ரத்னவேலு முதலியார். அப்போது இம்பீரியல் ஹோட்டல், அப்புறம் ஆல்பனி, அதற்கப்புறம்தான் கன்னிமரா, 1891இல் ஸ்பென்சர் கம்பெனியின் ஓக்‌ஷாட் வாங்கிவிட்டார். இப்போது நாம் பார்க்கிற, மூலைகளை வழித்துவிட்டது போன்ற வெள்ளை ஆர்ட் டெகோ கட்டடம் 1937இல் வந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு 1937 ஒன்றும் பழசில்லை, இருந்தாலும் வெயிலில் அதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்கத்தான் தோன்றும். 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் கைவைத்திருக்கிறார். கடைசியாக நடந்த பெரிய புதுப்பிப்பு முடிந்து 2018இல் மறுபடி திறந்தார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. கவர்னர் கதைதான் பிடித்தது. மனைவி அவரை 1890இல் விவாகரத்து செய்தார், காரணம் அவருடைய கள்ளத்தொடர்பு. ஹோட்டலுக்கு அவர் பேர், உள்ளே இருக்கும் பாருக்கு லேடி கன்னிமரா என்று அந்தம்மா பேர். "சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார்.

ரூம் போடவில்லை, அது நம்ம பட்ஜெட் இல்லை. காபி மட்டும்தான். அதற்கே பில்லைப் பார்த்து ஆம்பூர் பிரியாணிக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காபி சூடாக இருந்ததால் அம்மா சாசரில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார், நான் கூச்சத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறிய தம்பி எதுவும் கேட்காமல் இன்னொரு காலிக் கப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், ஆற்றிக்கொள்ள. அம்மா நிதானமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றினார், நுரை வரும்வரை.

செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு அங்கேயே ரெயின்ட்ரீ இருக்கிறது. அதற்குத் தீபாவளி போனஸ் வரட்டும்.