மரச் சட்டத்தில் பாலிகார்பனேட் ஷீட்: நான்கு மழைக்காலம் தாங்கிய சிலிக்கான்

மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு மேலே மரச் சட்டம் அடித்து பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறோம். ஷீட்டும் மரமும் சேரும் இடத்தில் முதல் ஐப்பசியிலேயே ஒழுக ஆரம்பித்தது.

பிசைந்து அப்பும் எபாக்சிப் பசையை வைத்து அடைத்தேன். கல் மாதிரி இறுகியது. அடுத்த கோடை முடிந்து ஏறிப் பார்த்தால், மரத்தின் பக்கம் எபாக்சி அப்படியே இருக்கிறது. ஷீட் பக்கம் மட்டும் தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. தண்ணீருக்கு அது போதும். 3 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடு ஏறினாலே சுமார் 6 மி.மீ. நீளும். மரம் வெயிலுக்கு அவ்வளவு நீளாது, ஆனால் ஈரம் குடித்தால் அகலத்தில் ஊதும். இரண்டும் இழுக்கிற இழுப்பில் இறுகிப்போன பொருள் எதுவும் நிற்காது.

அப்புறம்தான் சிலிக்கானுக்கு, அதாவது காய்ந்தாலும் ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசைக்கு, மாறினேன். அதிலும் வினிகர் வாடை அடிக்கிற வகை பாலிகார்பனேட்டுக்கு ஆகாது; நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும். எபாக்சியைச் சுரண்டி, மரத்தில் உரிந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஷீட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். தின்னரைத் தயவுசெய்து ஷீட்டில் தொடாதீர்கள், பாலிகார்பனேட் விரிசல் விட்டுவிடும். ஸ்க்ரூ துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி ரப்பர் வாஷர் போட்டேன், ஷீட் நகர இடம் வேண்டுமே. இடைவெளிக்குள் ஃபோம் கயிற்றை அழுத்திவிட்டு அதன் மேல் சிலிக்கான் இழுத்தேன். கயிறு இருந்தால் சிலிக்கான் அடியில் ஒட்டாமல் இரண்டு பக்கம் மட்டும் பிடிக்கும், ரப்பர் போல இழுபடும். இந்த ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. நீள விளிம்புகளில் ஒரு சொட்டு இறங்கவில்லை. விரல் நகத்தால் அழுத்தினால் இன்னும் பள்ளம் விழுந்து திரும்பி எழுகிறது. நிழல் விழும் இடத்தில் கறுப்புப் பூஞ்சை படிகிறது, துடைத்தால் முழுதாகப் போவதில்லை. மேலே பெயிண்டும் ஒட்டாது, அதனால் மர நிறத்திலேயே வாங்கியிருக்கலாம்.

வடக்கு மூலையில் மட்டும் போன வருடம் கசிந்தது. பழைய பெயிண்டைச் சரியாகச் சுரண்டாமல் விட்ட இடம் அது; சிலிக்கான் பெயிண்டோடு சேர்ந்தே உரிந்து வந்தது. பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால் பிளேடால் ஒரு சாண் நீளத்துக்கு முழுதாக வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இந்த வருட மழைக்கு அதுவும் நின்றது.