பிறர் பார்வையா, தன் செயலா: 'நான்' எங்கிருந்து வருகிறது?

ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளுள், ஒன்றோடொன்று முரண்படும் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ள்ஸ் கூலி 1902இல் சொன்னது கண்ணாடி உவமை. பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம், அவர் அதை எப்படி எடைபோடுவார் என்று கற்பனை செய்கிறோம். அதிலிருந்தே பெருமையோ கூச்சமோ பிறக்கிறது. இங்கே முக்கியமானது கற்பனைதான். ஆய்வாளர்கள் ஷ்ராகரும் ஷோனமனும் 1979இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நம் தன்னெண்ணம் பிறர் உண்மையில் நினைப்பதைவிட, அவர்கள் நினைப்பதாக நாம் எண்ணுவதோடுதான் அதிகம் ஒத்துப்போனது.

உளவியலாளர் டரில் பெம் 1967இல் வேறு வழி காட்டினார். உள்ளே தெளிவான சான்று இல்லாதபோது, அயலாரை எடைபோடுவதைப் போலவே நம் நடத்தையைப் பார்த்து நம்மை அறிந்துகொள்கிறோம் என்பது அவர் கருத்து.

வவுனியாவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வேலைக்கு வந்த என் தங்கையின் மகள், "எனக்குச் சிங்களம் சரிவராது, மாமா" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். உடன் வேலை செய்வோர் பாராட்டியும் பயனில்லை. தன் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார்கள் என்றே அவள் கொண்டாள். ஒரு மாலை, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நடத்துநர் மிச்சக் காசைத் தராமல் விட, நெரிசலுக்குள் நின்று கேட்டு வாங்கி, "பஹினவா" (இறங்குகிறேன்) என்று குரல் கொடுத்து இறங்கி வந்திருக்கிறாள். எல்லாம் சிங்களத்திலேயே நடந்ததை வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தாள். அதன்பின் அந்தப் பழைய வாக்கியம் அவள் வாயில் வரவில்லை.

ஆகவே, தன்னெண்ணம் உருவாவதைக் கூலியும் அது மாறுவதைப் பெம்மும் நன்றாக விளக்குகிறார்கள் என்பது என் முடிவு. அவள் நம்பிக்கை உறுதியானதாகத் தோன்றினாலும், முயன்று பார்த்த அனுபவம் அதன் அடியில் இல்லை. ஆனால் பெம்மின் விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு: செயலுக்கு வெளிக் காரணம் இருந்தால் அதை நாம் நம் கணக்கில் எழுதுவதில்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் 1973ஆம் ஆண்டுச் சோதனையில், பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்த குழந்தைகள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது. நான் கட்டாயப்படுத்திப் பேச வைத்திருந்தால், அது மாமாவின் தொல்லையாகவே அவளுக்குப் பட்டிருக்கும்.

தொலைபேசியில் யாராவது சிங்களத்தில் பேசினால் மட்டும், "நீங்கள் கதையுங்கோ, மாமா" என்று இன்றும் என்னிடமே நீட்டுகிறாள். எதிரே முகம் தெரியாத இடத்தில் கூலி சொன்ன கற்பனைக்குத் தடையே இல்லை.