அம்பாசிடர் பானெட்டை அனுப்ப: பார்சல் சர்வீஸா, நேர் லாரியா?

உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுபோன பிறகு, என்னுடைய மார்க் 4 வண்டிக்குத் தகடு வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. வண்டி நிற்பதோ திருநெல்வேலியில். கடந்த ஓராண்டில் ஓர் இடது மட்கார்டையும் ஒரு பானெட்டையும் (என்ஜின் மேல்மூடி) அங்கிருந்து வரவழைத்தேன். முதலாவதைக் கிளைகள் பல கொண்ட ஒரு பார்சல் சர்வீஸிலும், இரண்டாவதைச் சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே நேராக ஓடும் ஒரு லாரி ஆபீஸிலும் ஏற்றினேன். இந்த இரண்டில் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நேர் லாரிதான்.

கூரியரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே எடை, அடைக்கும் இடம் இரண்டில் எது அதிகமோ அதைப் பார்க்கிறார்கள்; பானெட்டுக்கு அது இடம்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்கிறார்கள். மரச்சட்டம் அடித்த என் பானெட் 140க்கு 130க்கு 30 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 109 கிலோ வருகிறது. உண்மையில் அதை இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கி நகர்த்தினோம்.

ரயிலும் ஆம்னி பஸ்ஸும் மனதை இழுக்கத்தான் செய்தன. புதுப்பேட்டையிலிருந்து எழும்பூர் நிலையம் கூப்பிடு தூரம். ஆனால் நான் ரயிலில் அனுப்பியது ஒரே ஒரு முறை, அதுவும் மோட்டார் சைக்கிள். அது ஒழுங்காகவே வந்தது. மெல்லிய தகட்டை அனுப்பத் தயங்கியதற்குக் காரணம், மதிப்பைத் தனியாக எழுதிக் கொடுத்து அதற்கான கட்டணத்தையும் கட்டாவிட்டால் அங்கே இழப்பீடு எடைக்கணக்கில்தான் கிடைக்கும். பார்க்கப் பெரிதாகவும் தூக்க லேசாகவும் இருக்கும் பானெட்டுக்கு அது மிகவும் பாதகமான கணக்கு. ஆம்னி பஸ்ஸில் ஒரு பம்பரை அனுப்பியிருக்கிறேன். நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் பொருளுக்கு அது நல்ல வழி. பானெட்டை பஸ்ஸின் சாமான் அறையில் படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும். படுக்க வைத்தால் அதன்மேல் பயணிகளின் பெட்டிகள் ஏறும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தகட்டுப் பொருள் ஓடுகிற லாரியில் நசுங்குவதைவிட, ஏற்றும்போதும் இறக்கும்போதும் நசுங்குவதே அதிகம். ஆகையால் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னால், அது எத்தனை கை மாறுகிறது என்பதை விசாரிக்க வேண்டும். என் மட்கார்டு புக்கிங் ஆபீஸில் ஒரு வண்டியில் ஏறி, புறநகர்க் கோடவுனில் இறங்கி, இரவு லாரியில் ஏறி, மதுரையில் இறங்கி, மறுபடி ஏறி, நெல்லையில் இறங்கி, சிறிய வண்டியில் ஏறி, கடைசியில் என் வீட்டு வாசலில் இறங்கியது. மொத்தம் எட்டு முறை. அட்டையைப் பிரித்துப் பார்த்தபோது, ஹெட்லைட் பொருந்தும் வட்டம் முட்டை வடிவமாகியிருந்தது. போல்ட் மாட்டும் விளிம்பு ஒரு விரல்கடை அளவுக்கு உள்ளே மடங்கியிருந்தது. டிங்கர் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வட்டத்தை எடுத்துரலாம் தம்பி, விளிம்புக்குப் பட்டி பிடிச்சுத்தான் ஆகணும்" என்றார். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பூசாத நல்ல தகடு வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை தூரம் அலைந்து அதை வாங்கியிருந்தேன்.

நேர் லாரியில் இந்த எட்டு இரண்டாகக் குறைகிறது: சென்னையில் ஒருமுறை ஏற்றம், நெல்லைக் கோடவுனில் ஒருமுறை இறக்கம். அங்கிருந்து வீட்டுக்குக் குட்டியானையில் கொண்டுவரும்போது உடன் நின்று தூக்குவது நாமே. வால்டாக்ஸ் சாலைப் பக்கத்து ஆபீஸ்களில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தச் சரக்கு ஏறுகிற லாரியே நெல்லை வரைக்கும் வருமா, நடுவில் மாற்றுவீர்களா?" பதிலை இழுத்தால் அடுத்த ஆபீஸுக்குப் போய்விடலாம். லாரி நிறையும்வரை காத்திருப்பார்கள் என்பது இதிலுள்ள குறை. என் பானெட் ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தது. வீட்டு டெலிவரியும் கிடையாது.

கட்டணம் எனக்கு 780 ரூபாய் ஆனது. அளவுநாடா எடுக்காமல், கண்ணால் பார்த்து உருப்படிக்கு இவ்வளவு என்று சொன்னார்கள். சட்டம் அடிக்க 650 ரூபாய் தனி. பேக்கிங்கில் நான் கற்றுக்கொண்டது, பொருளை மறைக்கக் கூடாது என்பதுதான். மட்கார்டை முழுவதுமாக அட்டைக்குள் மூடியிருந்ததால், அது லோடுமேன் கண்ணுக்கு மேலே எதை வேண்டுமானாலும் அடுக்கத் தகுந்த ஒரு பெட்டியாகவே தெரிந்திருக்கும். பானெட்டுக்கு ரீப்பர் கட்டையில் திறந்த கூடு அடித்து, விளிம்புகளுக்குப் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறி மாட்டி, கட்டை தொடும் இடங்களில் மட்டும் கம்பளி வைத்து, நிமிர்ந்து நிற்கும்படி அடியில் இரண்டு குறுக்குக் கால்கள் கொடுத்தோம். படுக்க வைக்க முடியாத பொருளின்மேல் யாரும் எதையும் அடுக்க முடியாது. லாரியின் பக்கவாட்டில் சாய்த்துக் கயிறு போட்டார்கள். கீறல்கூட விழாமல் வந்தது. ஒரே ஒரு பானெட்டை வைத்துக்கொண்டு இது எப்போதும் இப்படித்தான் என்று சாதிக்க மாட்டேன்; ஆனால் எட்டுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணெதிரே இருக்கிறது.

இழப்பீட்டு விதியையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்து பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, லாரிக்காரரின் பொறுப்பு பொதுவாகக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குதான், அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. மட்கார்டுக்கு நான் கட்டியது 220 ரூபாய், ஆகவே உச்சவரம்பு 2,200. அதை வாங்கிய விலையோ 3,500. பில்லை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான் கேட்டும் பயனில்லை என்பது புரிந்தது. பானெட்டின் விலை 6,000. பத்து மடங்கு 7,800 ஆவதால் முழு விலையும் அந்த வரம்புக்குள் அடங்குகிறது, எல்.ஆரில் (லாரி ரசீது) அந்த மதிப்பை எழுதியிருந்தால். சேதம் இருந்தால் கோடவுனிலேயே பார்த்து, டெலிவரி நகலில் குறிப்பு எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு என்று போவதானால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

டிக்கி கதவையும் இதே லாரியில்தான் போடப்போகிறேன். பின்கண்ணாடிக்கு மட்டும் இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். அதைப் போர்வையில் சுற்றி, நண்பர் காரின் பின்சீட்டில் நிறுத்தி, புதுப்பேட்டையிலிருந்து நெல்லை வரை பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே வந்தேன்.