ஏர் ஹோஸ்டஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள்

பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ரிசல்ட் வரும் நேரத்தில்தான் பயிற்சி மையங்களிலிருந்து போன் மேல் போன் வரும்.

திருச்சியில் அப்படி ஒரு மையத்தில்தான் என் தங்கச்சியைச் சேர்த்தோம். மொத்தக் கட்டணம் 1,40,000 ரூபாய். அம்மாவின் வளையலை அடகு வைத்து முதல் தவணை கட்டினார் அப்பா. சேர்த்த அன்றே அம்மா, அங்கிருந்த கவுன்சிலர் பெண்ணிடம் "ஏம்மா, இவ உயரம் போதுமா?" என்று கேட்டார். "அதெல்லாம் போதும்மா, ஹீல்ஸ் போட்டா சரியாயிடும், எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்" என்று பதில் வந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் உயரம் பார்க்கும் அளவுகோல் ஒட்டியிருந்தது. என் தங்கச்சியை அதன் அருகில் நிற்க வைக்கவே இல்லை. விண்ணப்பத்தில் உயரம் என்ற கட்டத்தில் அந்தப் பெண்ணே தன் கையால் 156 என்று எழுதிக்கொண்டார். அவளுடைய உண்மையான உயரம் 152 செ.மீ.

கோர்ஸ் முடிந்து சென்னையில் ஒரு ஹோட்டலில் நடந்த வாக்-இன் இன்டர்வியூவுக்குப் போனாள். முதல் வேலையே செருப்பைக் கழற்றச் சொல்லி சுவரோரம் நிற்க வைத்ததுதான். 155 வேண்டும், 152 தான் இருக்கிறது, நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் பேசியதை யாரும் கேட்கவில்லை, கொண்டுபோன சர்டிபிகேட் ஃபைலை யாரும் திறக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அளவுகோலை வைத்துக்கொண்டே அளக்காமல் பணம் வாங்கியதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது ஏமாற்றுவேலைதான்.

உயரம் அழகுக்காகக் கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விமானத்தில் தலைக்கு மேலே இருக்கும் அறைகளில் பைகள் மட்டும் இருப்பதில்லை, தீயணைப்பான், ஆக்சிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி போன்றவையும் இருக்கும். அவசரத்தில் எட்டி எடுக்க முடியவேண்டும். இங்கே பெண்களுக்குப் பொதுவாக 155 செ.மீ. கேட்கிறார்கள். துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தில் 160 செ.மீ. உயரம், அத்துடன் நுனிக்காலில் நின்று கையை நீட்டினால் 212 செ.மீ. எட்டவேண்டும். வெறுங்காலில்தான் அளப்பார்கள், ஹீல்ஸ் கணக்கில் வராது. வயது பெரும்பாலும் 18 முதல் 27 வரை, பிளஸ் டூ தேர்ச்சி, யூனிஃபார்ம் போட்டால் வெளியே தெரிகிற இடத்தில் பச்சை குத்தியிருக்கக்கூடாது, ஆங்கிலம் தடையில்லாமல் பேச வரவேண்டும், இங்குள்ள நிறுவனங்கள் ஹிந்தியும் பார்ப்பதுண்டு. இதெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அப்புறம் அந்தக் கோர்ஸ். ஒரு அறையில் இரண்டு வரிசை சீட்டு, ஒரு திரை, சக்கரம் சரியாக ஓடாத ஒரு டிராலி. மேக்கப், கொண்டை போடுவது, சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்வது. இதைப் படித்தால்தான் வேலை என்று எந்த விதியும் கிடையாது. தேர்வான பிறகு விமான நிறுவனமே பல வாரம் பயிற்சி தருகிறது, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி தந்தே ஆகவேண்டும். அவசரக் கதவைத் திறப்பது, சறுக்குப்பாதையில் ஆட்களை இறக்குவது, புகைக்குள் தீயை அணைப்பது, தண்ணீரில் இறங்கினால் என்ன செய்வது, முதலுதவி, ஆபத்தான பொருட்களைக் கையாளுவது என்று அது வேறு உலகம். அதில் தேறி, மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால்தான் பறக்கவிடுவார்கள். இன்ஸ்டிட்யூட் சர்டிபிகேட்டை வைத்து இதில் எதையும் தாண்டிப் போக முடியாது. ஆங்கிலம் பேசப் பயம் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு போதும், பாதிக்குப் பாதி செலவுகூட ஆகாது.

நியாயம் கேட்கப் போனபோது "நாங்க டிரெய்னிங்தான் தர்றோம் சார், செலக்‌ஷன் ஏர்லைன்ஸ் கையில இருக்கு" என்று கையை விரித்தார்கள். வாசல் பேனரில் 100 சதவீதம் வேலை உறுதி என்று இருக்கிறது, ரசீதில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது. வேலை வாங்கித் தந்த இடங்கள் என்று பிராஸ்பெக்டஸில் போட்டிருந்த பெயர்களில் ஜெட் ஏர்வேஸும் கோ ஃபர்ஸ்ட்டும் உண்டு. ஒன்று 2019 ஏப்ரலிலேயே பறப்பதை நிறுத்தியது, இன்னொன்று 2023 மே மாதம்.

அதோடு விட்டார்களா? இன்னும் 60,000 கட்டினால் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். இங்கே உஷாராக இருங்கள். வேலைக்கு ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று இண்டிகோ உட்பட விமான நிறுவனங்கள் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கின்றன. டெபாசிட், யூனிஃபார்ம் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். ஆன்லைனில் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள்.

நாங்கள் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். மையத்திலிருந்து பதில் வரவில்லை என்பதால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். ரசீது, பேனரின் போட்டோ, வாட்ஸ்அப் மெசேஜ்கள், 156 என்று எழுதிய விண்ணப்பத்தின் நகல், அரசு மருத்துவமனையில் வாங்கிய உயரச் சான்று எல்லாவற்றையும் இணைக்கிறோம். விண்ணப்பத்தின் நகலைச் சேரும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு தரமாட்டார்கள்.

ஒரே மாதிரியான புகார் உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு போடலாம். திருச்சிப் பக்கம் இதேபோல உயரம் பார்க்காமல் பணம் வாங்கப்பட்டவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், மனு போடும் முன் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.