ஏஐ எழுதும் விளம்பரங்களில் பாரபட்சம்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஒரே ஒரு விளம்பர வாசகத்தை எடுத்துவைத்துப் பாரபட்சம் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. தனித்தனியாக எல்லாமே ஒழுங்காகத்தான் இருக்கும். ஐம்பதை ஒன்றாகக் கொட்டிப் படிக்கும்போதுதான், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் எப்போதும் பெண்ணே நிற்பதும், முதலீட்டுத் திட்டத்தை எப்போதும் ஆணே முடிவு செய்வதும் தெரியவரும். மாதக்கணக்கில் ஏஐ கருவிகளை விளம்பர வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் பழகவேண்டிய முதல் வேலை, எண்ணுவது.

எண்ணுவதற்கு நம்பகமான வழி, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ‘35 வயதுப் பெண் மேலாளருக்கு மடிக்கணினி விளம்பரம், 60 சொற்கள்’ என்று ஒரு பிராம்ப்ட் (கருவிக்குத் தரும் கட்டளை வரி). ‘பெண்’ என்பதை ‘ஆண்’ ஆக்கி இன்னொன்று. வேறு ஒரு எழுத்தும் மாறக்கூடாது. ஒவ்வொன்றையும் 20 முறை, ஒவ்வொரு முறையும் புதிய சாட்டில் ஓட்டவேண்டும். பழைய சாட்டிலேயே தொடர்ந்தால் முந்தைய பதிலின் சாயல் அடுத்ததில் ஏறிக் கணக்கைக் கெடுக்கும். பிறகு ஸ்பிரெட்ஷீட்டில் குறித்துக்கொள்ளலாம்: எடை, நிறம், அழகு பற்றிய சொல் வந்ததா, வேகம், திறன் பற்றிய சொல் வந்ததா, குடும்பம் உள்ளே வந்ததா. ஒரு பக்கம் 11 முறை, மறுபக்கம் 9 முறை என்றால் அதில் பொருள் தேடவேண்டாம். குடும்பத்தைப் பற்றிய பேச்சு வந்த 20 பதில்களில் 15 பெண்ணுக்கு எழுதியவை, 5 ஆணுக்கு எழுதியவை என்றால் கவனிக்கவேண்டும். சாய்வே இல்லாத நிலையில் ஏதேனும் ஒரு பக்கம் அந்த அளவுக்குத் தற்செயலாகக் கூடுவதற்கான வாய்ப்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு அளவுகோல் கையில் இருக்கிறது: வினைமுற்றின் விகுதி. ஆங்கிலத்தில் மேலாளரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே வினைச்சொல்லோடு போய்விடுவார்கள். தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்று எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். யாருக்கு ‘ஆர்’ விகுதி கிடைக்கிறது, யார் ‘ஆன்’, ‘ஆள்’ என்று முடிகிறார்கள் என்று தொழில்வாரியாகக் குறித்துப் பாருங்கள். பாலினச் சாய்வோடு மரியாதைச் சாய்வும் சேர்ந்து வெளிப்படும். ஆங்கிலத்தில் எழுதவைத்துத் தமிழாக்கும் முறையில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் மூலத்தில் இல்லாத பாலினத்தைக் கருவி தானாக இட்டு நிரப்புகிறது. தமிழாக்கத்துக்குப் பிறகு இன்னொரு முறை சரிபார்க்காமல் விடக்கூடாது.

இவற்றையெல்லாம்விட அதிகச் சேதம் விளைவது பெர்சோனா, அதாவது கற்பனையாக வரையும் மாதிரி வாடிக்கையாளரை, உருவாக்கும் கட்டத்தில். ‘இந்தப் பொருளுக்கு உகந்த வாடிக்கையாளரை வரைந்து கொடு’ என்று கேட்டதும் வயது, வருமானம், வேலை, குடும்ப நிலை எல்லாவற்றையும் கருவி தயக்கமில்லாமல் நிரப்பிக் கொடுக்கும். அதற்கு எந்த விற்பனைத் தரவும் ஆதாரமில்லை. கருவி கற்ற பயிற்சித் தரவில் அடிக்கடி வந்த மனிதச் சித்திரங்களின் சாயல்தான் அது. அந்த ஆளை வைத்து எழுதும் மின்னஞ்சல், பதாகை, காணொளி வசனம் என அனைத்தும் அதே சாய்வைச் சுமக்கும். முடிவில் வந்து சொற்களைத் திருத்துவதில் பயன் குறைவு. பெர்சோனாவின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘இது நம் தரவில் எங்கே இருக்கிறது?’ என்று எழுதி, விடை இல்லாத வரியை அழித்துவிடுங்கள். அதோடு, 20 பெர்சோனா கேட்டு, எந்த வகை மனிதர் ஒருமுறைகூட வரவில்லை என்றும் பாருங்கள். முதியவர்கள் வந்தாலும் ‘அவர்களாலும் இயக்க முடியும்’ என்ற தொனியில் மட்டும் வருகிறார்களா? மாற்றுத்திறனாளிகள் வாடிக்கையாளராக வருகிறார்களா, இரக்கத்துக்கு மட்டுமா?

படங்களுக்கு ஒரு பிராம்ப்டுக்குக் குறைந்தது 40 படம் வேண்டும். நிறம், வயது இரண்டோடு நிறுத்தாமல், பொருள் யார் கையில் இருக்கிறது, யார் விளக்குகிறார், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் குறியுங்கள். எண்ணும் வேலையை முகம் அறியும் மென்பொருளிடம் தள்ளிவிடத் தோன்றும், வேண்டாம். ஜாய் பூலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 விழுக்காடு வரை தவறின. வெளிர்நிற ஆண்களுக்கு அது அதிகபட்சம் 0.8 விழுக்காடு. மென்பொருள்கள் பிறகு மேம்பட்டிருக்கலாம், ஆனாலும் சாய்வை அளக்கும் கோலே சாய்ந்திருந்தால் கணக்கு வீண்.

‘பாரபட்சமில்லாமல் எழுது’ என்ற ஒற்றை வரி உதவாது. வாசகம் உப்புச்சப்பற்றுப் போகும், அல்லது கருவி எல்லா வகை மனிதரையும் ஒரே படத்தில் திணிக்கும். 2024 பிப்ரவரியில் கூகுளின் ஏஐ கருவியான ஜெமினி வரலாற்றுக் காட்சிகளிலும் பன்முகத்தன்மையைத் திணித்ததால் மனிதப் படங்கள் உருவாக்கும் வசதியையே நிறுத்திவைக்க நேர்ந்தது. பொத்தாம்பொதுவான திருத்தம் அப்படித்தான் பாயும். ‘தந்தை குழந்தையின் சட்டையைத் துவைக்கிறார், பொருளின் பயனை அவரே சொல்கிறார்’ என்று ஆளையும் செயலையும் குறிப்பிட்டுச் சொன்னால் கேட்டது கிடைக்கும். எழுதிய ஏஐ மாடலையே நடுவராக்கிச் சரிபார்க்கச் சொல்வதும் போதாது. தன் நடையையே நல்லது என்று சொல்லும் போக்கு அதற்கு உண்டு. குறைந்தது இரண்டு மனிதர்கள், ஒருவர் குறித்ததை மற்றவர் பாராமல், குறிக்கவேண்டும்.

வாசகம் சரியாக இருந்தும் விநியோகத்தில் கோணலாகலாம். இலக்கு வாசகர்களை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றினாலே ஃபேஸ்புக் விளம்பரம் வேறு வேறு பாலினத்தவருக்குப் போய்ச் சேர்ந்ததை 2019-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே கிளிக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இரண்டு வாசகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யாருக்குக் காட்டப்பட்டது என்ற பிரிவுக் கணக்கையும் கூடவே இறக்கிப் பாருங்கள்.

மாடல் பதிப்பு மாறும்போது பழைய முடிவுகள் செல்லாது. 30 பிராம்ப்டுகளை நிலையான தொகுப்பாக வைத்து, ஒவ்வொரு பதிப்பு மாற்றத்தின்போதும் மறுபடி ஓட்டி, தேதியையும் பதிப்பின் பெயரையும் தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.