21 இலக்க எண்ணும் பாரி ஜிபி மென்பொருளும்: ஒரு மதிப்புரை

பெரிய முழு எண்ணின் பண்புகளை ஆராய்பவருக்கு முதலில் வேண்டியது, அதன் கடைசி இலக்கத்தைக்கூட இழக்காத கருவி. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி கோஹெனும் அவருடைய குழுவினரும் தொடங்கி, இன்றும் அங்கே வளர்க்கப்பட்டுவரும் 'பாரி ஜிபி' அத்தகைய மென்பொருள். பொது உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பறம்புமலைப் பாரிக்கும் இதற்கும் தொடர்பில்லை எனினும், கொடையைப் பொறுத்தவரை பெயர் பொருந்தியே இருக்கிறது.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட எண், 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 147573952589676412927. என் மேசையிலுள்ள அறிவியல் கணிப்பான் முதல் பத்து இலக்கங்களை மட்டும் காட்டுகிறது. விரிதாள் 15 இலக்கங்களுக்குப் பின் பூச்சியங்களை நிரப்பிவிடுகிறது. கணினி எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் வழக்கமான 64 பிட் மிதவைப்புள்ளி முறையிலோ கடைசி 7 என்பது 8 ஆகி, ஒற்றைப்படை எண்ணே இரட்டைப்படை ஆகிவிடும். அதன்பின் காரணி தேடுவதில் பொருளில்லை. பாரி ஜிபியில் 21 இலக்கங்களும் அப்படியே நிற்கின்றன.

இந்த எண்ணை 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென், பகா எண் என்று பட்டியலிட்டார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா, காரணி எதையும் காட்டாமலே, அது பகு எண் என்று நிறுவினார். 1903-இல்தான் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் அதனை 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். அதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். 'ஃபேக்டர்' கட்டளையைத் தட்டி எண்டர் விசையிலிருந்து நான் விரலை எடுப்பதற்குள் அதே இரு காரணிகள் திரையில் வந்தன. கோலின் மீது எனக்கிருந்த மதிப்பு அப்போது இன்னும் கூடியது.

வகுத்திகள் நான்கு என்பதையும், அவற்றின் கூடுதல் 147573953351708377936 என்பதையும் ஒவ்வொரு கட்டளையில் பெறலாம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: இரண்டு காரணிகளையும் தனித்தனியே 67-ஆல் வகுத்து மீதி கேட்டால், இரண்டுக்கும் 1 என்றே விடை வருகிறது. அடுக்கு பகா எண்ணாக இருக்கும்போது காரணிகள் இப்படித்தான் அமைந்தாக வேண்டும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து கிடைப்பது. புத்தகத்தில் படித்த அந்த விதியை, இவ்வளவு பெரிய எண்ணில் கண்ணெதிரே சரிபார்க்க முடிவது பெரிய மகிழ்ச்சி.

குறைகளும் உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்தே இயக்க வேண்டும், உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே பள்ளி மாணவருக்கு அருகில் ஒருவர் இருந்து சொல்லிக்கொடுப்பது நல்லது. நூறு இலக்கங்களுக்கு மேற்பட்டு, இரு பெரும் பகா எண்களின் பெருக்கலாக அமைந்த எண்ணை இதனிடம் கொடுத்துவிட்டு உடனடி விடையை எதிர்பார்க்கக் கூடாது. மேலும், 'ஃபேக்டர்' தரும் மிகப் பெரிய காரணிகள் இயல்பான அமைப்பில் வலுவான சோதனையில் தேறியவையே தவிர, பகா எண்கள் என்று நிறுவப்பட்டவை அல்ல. நிறுவல் தேவைப்படுவோர் அவற்றை 'இஸ்பிரைம்' கட்டளைக்கும் ஒருமுறை கொடுத்துவிட வேண்டும்.